ஐ5-10600கே பிராசஸர்: 5.0 கிகாஹெர்ட்ஸ் வச்சா ஒன்றரை நிமிஷத்துல 4.0க்கு இறங்குது, வோல்டேஜ் கூட்டினா இன்னும் மோசம்

குளச்சல்_கிளாக்:

விவரத்தை முதல்லயே சொல்லிடுறேன். இன்டெல் ஐ5-10600கே, இசட்490 போர்டு, 8+8 ஜிபி டிடிஆர்4 ரேம் 3200ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு ஸ்பீடுல ஓட்டுற புரொஃபைல்) ஆன், 120 மிமீ ஃபேன் ஒண்ணு வச்ச சிங்கிள் டவர் ஏர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), விண்டோஸ் 10. வீடு குளச்சல், கடல் நடந்து போற தூரம்தான். ரூம்ல ஏசி கிடையாது, மத்தியானம் 32 டிகிரி இருக்கும்.

பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) ஆல் கோர் ரேஷியோ 50, அதாவது எல்லா கோரும் 5.0. கோர் வோல்டேஜ் மேனுவல் மோடு, லோடுல ஹெச்டபிள்யூ இன்ஃபோ (சென்சார் அளவெல்லாம் காட்டுற சாஃப்ட்வேர்) காட்டுற வீகோர், அதாவது கோர் வோல்டேஜ், 1.32. ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (ஏவிஎக்ஸ்ங்கிற கனமான கணக்கு ஓடும்போது ரேஷியோவைக் குறைக்கிற செட்டிங்) 0. ரிங் ரேஷியோவை (கேஷ் ஸ்பீடு) தொடல. மத்ததெல்லாம் ஆட்டோ.

சினிபெஞ்ச் ஆர்23ல (எல்லா கோரையும் முழுசா ஓட்டி ஸ்கோர் குடுக்குற சாஃப்ட்வேர்) 10 நிமிஷ டெஸ்ட் ஓட்டினா ஆரம்பத்துல ஆறு கோரும் 4988ல நிக்குது. ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் ஆனதும் 4.0க்கு இறங்கி அங்கேயே கெடக்குது, திரும்ப ஏறவே இல்ல. ஹேங் இல்ல, ரீஸ்டார்ட் இல்ல, புளூ ஸ்க்ரீன் இல்ல. பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டு போனா பத்து நிமிஷமும் 4.5ல அசையாம ஓடுது. அதாவது ஓவர்கிளாக் போட்டா வர்ற ஸ்கோர், போடாம வர்ற ஸ்கோரைவிட கம்மி.

வோல்டேஜ் பத்தாம இருக்குமோன்னு லோடுல 1.38 வர்ற மாதிரி கூட்டிப் பாத்தேன். இப்போ 3.7க்கு இறங்குது, அதுவும் முன்னைவிட சீக்கிரம். டெம்பரேச்சர் 1.32ல 92 வரைக்கும் போகுது, ஸ்பீடு இறங்கின பிறகு 80. 100ஐத் தொடல, அதனால சூடுன்னும் சொல்ல முடியல.

இதோட ரெண்டு சந்தேகம். 5000 வராம 4988 ஏன் காட்டுது? சாயங்காலம் இந்தப் பக்கம் கரண்ட் வோல்டேஜ் 195க்குப் பக்கத்துல வந்திடும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

வேளிமலை:

வோல்டேஜை இனி கூட்டாண்டாம் தம்பி. நீங்க குடுத்த நம்பர்லயே விடை இருக்கு. இது பிஎல்1, அதாவது லாங் டியூரேஷன் பவர் லிமிட்.

10600கேக்கு இன்டெல் வச்சிருக்க கணக்கு: பிஎல்1 125 வாட், பிஎல்2 (ஷார்ட் டியூரேஷன் லிமிட்) 182 வாட், டவ் (சராசரி எடுக்குற கால அளவு) 56 நொடி. பிராசஸர் கொஞ்ச நேரத்துக்கு 182 வரைக்கும் இழுக்கலாம். ஆனா சராசரி 125ஐத் தொட்டதும் ரேஷியோவைக் குறைச்சு 125 வாட்டுக்குள்ள உக்கார வச்சிடும். இதுல எர்ரர் எதுவும் வராது, அதனாலதான் ஹேங்கும் இல்ல புளூ ஸ்க்ரீனும் இல்ல.

கணக்கைப் பாருங்க. பிராசஸர் இழுக்குற பவர், ஸ்பீடுக்கும் வோல்டேஜோட வர்க்கத்துக்கும் நேர் விகிதம். டிஃபால்ட்ல 4.5, 1.20 வோல்ட், ஆர்23ல சுமாரா 115 வாட்னு வச்சுக்கிடுவோம். 5.0 ஆக்கினா 1.11 மடங்கு. 1.20லேருந்து 1.32 ஆக்கினா வர்க்கத்துல 1.21 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா 1.34, அப்போ 155 வாட். 125ஐத் தாண்டியாச்சு.

இனி மேனுவல் வோல்டேஜோட கெடுதல். லிமிட்ல முட்டினதும் போர்டு ரேஷியோவை மட்டும்தான் குறைக்கும், வோல்டேஜ் நீங்க வச்ச 1.32லயே நிக்கும். அந்த வோல்டேஜ்ல 125 வாட்டுக்குள்ள வரணும்னா 5.0 x 125 / 155 = 4.03. நீங்க பாத்த 4.0 அதுதான். 1.38 வச்சா 5.0ல இழுக்குறது 169 வாட், அதுக்கு 5.0 x 125 / 169 = 3.7. ரெண்டும் கச்சிதமா ஒத்துப் போகுது. அடாப்டிவ் மோடுல இருந்திருந்தா ரேஷியோவோட வோல்டேஜும் சேர்ந்து இறங்கி 4.6 பக்கம் நின்னிருக்கும், நீங்களும் இவ்வளவு திகைச்சிருக்க மாட்டிய.

டவ் 56 நொடின்னா ஏன் ஒன்றரை நிமிஷம் தாங்குதுன்னு கேப்பிய. அது ஸ்டாப்வாட்ச் கிடையாது, நகர்ந்துகிட்டே இருக்க ஒரு சராசரி. ஐடில்ல 10 வாட்ல கெடந்த பிராசஸர் 155 இழுக்க ஆரம்பிச்சா அந்தச் சராசரி 125க்கு ஏற 88 நொடி பிடிக்கும். 169 இழுத்தா 72 நொடியிலேயே ஏறிடும். அதான் சீக்கிரம் இறங்குது. டெஸ்ட் முடிஞ்ச கையோட மறுபடி ஓட்டிப் பாருங்க, சராசரி ஏற்கனவே மேல இருக்கதால சில நொடியிலேயே விழும். காரணம் பிஎல்1தான்னு அதுவே உறுதிப்படுத்திடும்.

செய்ய வேண்டியது: லாங் டியூரேஷன் பவர் லிமிட் 180, ஷார்ட் டியூரேஷன் 180. ஏசுஸ் போர்டுன்னா ஏஐ ட்வீக்கருக்குள்ள இன்டர்னல் சிபியு பவர் மேனேஜ்மென்ட்ல இருக்கும். எம்எஸ்ஐன்னா ஓசி பக்கத்துல அட்வான்ஸ்டு சிபியு கான்ஃபிகரேஷன். ஜிகாபைட்டுன்னா அட்வான்ஸ்டு சிபியு செட்டிங்ஸுக்குள்ள டர்போ பவர் லிமிட்ஸ். பல பேர் 4095 போடச் சொல்லுவாங்க. அது லிமிட்டே வேண்டாம்னு சொல்றதுக்குச் சமம், உங்க கூலருக்கு அது ஆகாது. 180 போட்டா தேவைக்கு இடமும் உண்டு, காவலும் உண்டு.

இன்னொண்ணு. சில போர்டு முதல்ல ஆன் பண்ணும்போதே எந்த மாதிரி கூலர்னு கேக்கும். அங்க பாக்ஸ் கூலர்னு குடுத்திருந்தா லிமிட் தானாவே கீழ உக்காந்திருக்கும். அதையும் ஒரு தடவை பாத்துக்கிடுங்க.

பழையாறு:

வேளிமலை அண்ணன் சொன்னதுதான் விஷயம். மாத்துறதுக்கு முன்னாடி கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா ஒரு லிமிட்டைத் தூக்கினா அதுக்குப் பின்னால அடுத்தது நிக்கும்.

ஹெச்டபிள்யூ இன்ஃபோவை சென்சார்ஸ் மட்டும்னு திறந்து கீழ போனா பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ்னு ஒரு பகுதி. அதை விரிச்சு வச்சுக்கிட்டு டெஸ்டை ஓட்டுங்க. ஸ்பீடு விழுற அந்த நொடியில எந்த வரி எஸ் (ஆமா) ஆகுதுன்னு பாக்கணும். ஐஏ பேக்கேஜ் லெவல் பிஎல்1 பிஎல்2ன்னு வர்ற வரின்னா பவர். ஐஏ தெர்மல் ஈவென்ட்னா பிராசஸர் 100ஐத் தொட்டுச்சு. ஐஏ விஆர் தெர்மல் அலர்ட்னா பிராசஸர் இல்ல, போர்டுல சாக்கெட்டைச் சுத்தி இருக்க விஆர்எம் (பிராசஸருக்கு வோல்டேஜ் குடுக்குற பகுதி) சூடாகுது. எலக்ட்ரிக்கல் டிசைன் பாயின்ட்னு வந்தா கரண்ட் லிமிட். அப்போ மட்டும் பயாஸ்ல கோர் கரண்ட் லிமிட்டைக் கூட்டுங்க. ஐஏ மேக்ஸ் டர்போ லிமிட்னு ஒரு வரி அடிக்கடி எஸ் காட்டும், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம், வச்ச ரேஷியோ உச்சத்துல ஓடுதுன்னுதான் அர்த்தம்.

விழுற விதத்தை வச்சே பாதி சொல்லிடலாம். டெஸ்ட் ஆரம்பிச்ச உடனே சரியா 100, 200, 300னு முழு எண்ணிக்கையில குறைஞ்சா ஏவிஎக்ஸ் ஆஃப்செட். ஆர்23லயும் ஏவிஎக்ஸ் உண்டு, அதனால பிரைம்95ல (இன்னொரு கடுமையான டெஸ்ட்) மட்டும்தான் தெரியும்னு நினைக்காதீங்க. உங்களுக்கு 0னு சொல்லிட்டீங்க, ஆட்டோவா விட்டா சில போர்டு தானா ஒரு எண்ணை வச்சிடும். சூடுன்னா ஒரே இடத்துல நிக்காது, 5.0க்கும் 4.7க்கும் நடுவுல துடிச்சுக்கிட்டே இருக்கும், எல்லா கோரும் ஒண்ணு போல இறங்காது. விஆர்எம்னா சில போர்டுல ஒரேயடியா 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்து சில நொடியில திரும்ப எழும்பும். உங்களுக்கு மாதிரி ஒரு குறிப்பிட்ட நேரத்துல விழுந்து ஒரே மட்டத்துல படுத்தா பிஎல்1தான்.

4988க்கு வர்றேன். ரேஷியோ 50ஐ பேஸ் கிளாக்கால பெருக்குறதுதான் ஸ்பீடு. உங்க பேஸ் கிளாக் 100 இல்ல, 99.76. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ஆன்ல இருந்தா இப்படி வரும், ரேடியோ இடைஞ்சல் ஒரே அலைவரிசையில குவியாம இருக்க கிளாக்கை லேசா ஆட்டி வைக்கிற ஏற்பாடு அது. அதை டிசேபிள் பண்ணி பிசிஎல்கேயை (பேஸ் கிளாக்) 100.00னு கையால போடுங்க. வித்தியாசம் கால் சதவீதம்தான், ஸ்கோர்ல தெரியாது.

கரண்ட் விஷயம்: ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சீராக்குற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 100லேருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும். பின்னால ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல இன்புட் எவ்வளவுன்னு போட்டிருக்கும், பாருங்க. 195 வந்தாலும் உள்ள 12 வோல்ட் 12ஆவேதான் இருக்கும், சுவத்துலேருந்து கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் தாங்கலன்னா கம்ப்யூட்டர் அணைஞ்சு போகும், இல்லன்னா ரீஸ்டார்ட் ஆகும். ஸ்பீடு அழகா 4.0ல போய் நிக்காது. நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் கரண்டைக் குத்தம் சொல்றது வழக்கம், இதுல அதுக்குப் பங்கு இல்ல.

போர்டு கம்பெனியோட ட்யூனிங் சாஃப்ட்வேர் ஏதாவது போட்டிருந்தா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. பயாஸ்ல 180 வச்சாலும் விண்டோஸ் ஏறினதும் பழைய புரொஃபைலைத் திணிக்கிற சாஃப்ட்வேர் உண்டு.

குளச்சல்_கிளாக்:

பிஎல்1 வரிதான் எஸ் ஆச்சு அண்ணா, 4.0க்கு விழுற அதே நொடியில. பேக்கேஜ் பவர் அதுக்கு முன்ன 154, 156னு ஓடி, விழுந்ததும் 125. ரெண்டாவது தடவை உடனே ஓட்டினா வேளிமலை அண்ணன் சொன்ன மாதிரி எடுத்த எடுப்பிலேயே விழுது.

ரெண்டு லிமிட்டும் 180 வச்சாச்சு. லோடுல 1.32, 5.0 இப்போ ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டி நிக்குது, பேஸ் கிளாக்கும் 100 ஆச்சு. ஆனா நாலு நிமிஷத்துக்கு மேல போனா டெம்பரேச்சர் ஏறி 100 தொடுது, தெர்மல் ஈவென்ட் எஸ், ஸ்பீடு 4.8க்கும் 5.0க்கும் துடிக்குது. கேஸோட சைடு பேனலைக் கழட்டி வச்சா 6 டிகிரி இறங்குது. கூலர் மாத்தணுமா, இல்ல இதுலயே வழி உண்டா?

கடலோரம்_முட்டம்:

மாத்துறதுக்கு முன்ன இருக்க கூலரைக் கழட்டிப் பாரு மக்கா. கடற்கரைப் பக்கம் கூலர் படுற பாடு வேற.

முதல் விஷயம் ரூம் சூடு. வெளிநாட்டு ரிவ்யூக்காரங்க பெரும்பாலும் 21, 22 டிகிரி ரூம்லதான் டெஸ்ட் பண்ணுவாங்க. உனக்கு 32. ரூம் ஒரு டிகிரி ஏறினா கோரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அவங்களுக்கு 85 காட்டுற அதே கூலர் அதே வாட்டுக்கு உனக்கு 95 காட்டும். வீடியோவுல 5.0 ஈஸியா வருதேன்னு பாத்துட்டு ஏமாறக் கூடாது.

ரெண்டாவது, பேனல் கழட்டினா 6 டிகிரி இறங்குதுன்னா கேஸுக்குள்ள காத்து ஓட்டம் பத்தல. 2, 3 டிகிரி வித்தியாசம்னா சாதாரணம், 6 அதிகம். முன்னால ரெண்டு 120 மிமீ ஃபேன் உள்ள இழுக்கணும், பின்னால ஒண்ணு வெளிய தள்ளணும். கூலர் ஃபேன் ரேம் பக்கத்துலேருந்து பின்பக்கம் பாத்து ஊதுதான்னு கவனி. ஃபேன்ல தாங்கு கம்பி இருக்க பக்கம்தான் காத்து வெளிய வரும். முன் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடி. வெளிச்சம் தெரியலன்னா காத்தும் போகாது.

மூணாவது, உப்பு. கடல் காத்துல வர்ற உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதுல தூசி விழுந்தா ஃபின்னுக்கு நடுவுல பிசுபிசுன்னு ஒரு படலமா ஒட்டிக்கும். புளோயர் அடிச்சா மேல இருக்க பஞ்சு மட்டும் போகும், இந்தப் படலம் போகாது. அலுமினியம் ஃபின் ஓரத்துல வெள்ளையா மாவு பூத்திருந்தா அரிப்பு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். ஃபேனைக் கழட்டித் தனியா வை. ஹீட்சிங்கை மட்டும் நல்ல தண்ணியில, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால ஃபின் மடங்காம கழுவு. பிறகு வெறும் தண்ணியில அலசி, ஃபேன் காத்துல ஒரு நாள் முழுக்கக் காய விடு. ஃபின்னுக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சா அது வேண்டாம்.

பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால ரெண்டு பக்கமும் சுத்தமாத் துடைச்சிட்டு நடுவுல பட்டாணி அளவு வை. நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்கா, ஒவ்வொண்ணும் ரெண்டு சுத்தா மாத்தி மாத்தி இறுக்கு. ஒரு மூலையை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா பேஸ்ட் ஒரு பக்கமா ஒதுங்கி, கோருக்குக் கோர் 10, 12 டிகிரி வித்தியாசம் காட்டும்.

ரப்பர்_தோட்டம்:

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். மார்த்தாண்டத்துலேருந்து. என்கிட்ட ஐ5-10400, பி460 போர்டு. பவர் லிமிட்டைக் கூட்டினா இதுலயும் 5.0 கிடைக்குமா?

பழையாறு:

கிடைக்காது. 10400ல ரேஷியோ பூட்டினது, பி460லயும் ஓவர்கிளாக் வசதி கிடையாது. உச்சம் 4.3, ஆறு கோரும் சேர்ந்து ஓடினா 4.0. ரேமும் அந்த ஜோடியில 2666தான்.

ஆனா லிமிட்டைக் கூட்டுறதுல லாபம் உண்டு. 10400க்கு பிஎல்1 65 வாட், பிஎல்2 134, டவ் 28 நொடி. நீண்ட ரெண்டரிங்ல 65 வாட்டுக்குள்ள அடைபட்டு 4.0க்குக் கீழ இறங்கும். உங்க போர்டு பயாஸ் விட்டுச்சுன்னா பிஎல்1ஐ 100 ஆக்குங்க, 4.0 நிக்கும். பாக்ஸோட வந்த சின்ன கூலரை வச்சுக்கிட்டு இதைச் செய்யாதீங்க. விஆர்எம் மேல ஹீட்சிங்க் இல்லாத போர்டுன்னாலும் வேண்டாம்.

வேளிமலை:

முட்டம் அண்ணன் சொன்னதை முழுசா செய்யுங்க தம்பி. அது முடிஞ்சதும் வோல்டேஜைக் கீழ இறக்குற வேலை. சூட்டைக் குறைக்க வோல்டேஜைவிட நல்ல வழி இல்ல, வர்க்கமாச்சே.

அதுக்கு முன்ன எல்எல்சியைப் பாருங்க. லோடு ஏறினா வோல்டேஜ் சாயும், அந்தச் சாய்வை எவ்வளவு தாங்கிப் பிடிக்கணும்னு சொல்றது அது. நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழ். ஏசுஸ்ல எண் கூடக் கூட பலம், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்ல 1தான் அதிக பலம். நடுவுல ஒண்ணை வையுங்க. ரொம்பப் பலமா வச்சா லோடு சட்டுன்னு விலகும்போது வோல்டேஜ் மேல துள்ளும், அந்தத் துள்ளல் சாஃப்ட்வேர்ல தெரியவும் செய்யாது.

இப்போ ரேஷியோவை 49 ஆக்குங்க, எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணுங்க. ரேமும் கோரும் ஒண்ணா சந்தேகத்துல இருந்தா எது தப்புன்னு பிரிக்க முடியாது. லோடுல 1.30 வர்ற மாதிரி ஆரம்பிச்சு, ஆர்23 பத்து நிமிஷம் தாங்கினா 0.02 குறைங்க. தாங்குற வரைக்கும் இறங்கிக்கிட்டே போங்க. விழுந்தா 0.02 கூட்டி, அதுக்கு மேல பாதுகாப்புக்கு 0.01 சேர்த்து நிறுத்துங்க. விழுறதுன்னா புளூ ஸ்க்ரீன் மட்டும் இல்ல. ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பகுதியில டபிள்யூஹெச்இஏ லாகர் 19னு ஒரு எச்சரிக்கை வந்தாலே வோல்டேஜ் பத்தலன்னு எடுத்துக்கிடணும். டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கும், ஆனா பிராசஸர் தப்பு பண்ணித் திருத்திக்கிட்டு ஓடியிருக்கும். பல பேரு இதைப் பாக்காமலே ஸ்டேபிள்னு சொல்லிடுறாங்க, பிறகு ஃபைல் கெட்டுப் போச்சுன்னு வந்து நிப்பாங்க.

4.9ல 1.27 தாங்கினா கணக்கு என்ன தெரியுமா? 155 x 0.98 x 0.926, ஏறக்குறைய 141 வாட். 14 வாட் மிச்சம், உங்க கூலருக்கு 5, 6 டிகிரி. 100 மெகாஹெர்ட்ஸ் விட்டுக் குடுக்குறது ரெண்டு சதவீதம். 32 டிகிரி ரூமுக்கும் இந்தக் கூலருக்கும் என் கணக்குல சரியான இடம் 4.9தான். 5.0தான் வேணும்னு இருந்தா ரெண்டு ஃபேன் உள்ள டபுள் டவராவது வேணும்.

கடைசியா எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்க. அப்போ போர்டு விசிசிஎஸ்ஏ, விசிசிஐஓ (ரேம் கன்ட்ரோலர் பக்கத்து வோல்டேஜ்கள்) ரெண்டையும் ஆட்டோவுல தேவைக்கு மேல ஏத்தி வைக்கும். 3200க்கு எஸ்ஏ 1.15, ஐஓ 1.10 பெரும்பாலும் போதும், கையால போட்டுடுங்க. எல்லாம் நின்ன பிறகு மேனுவலை விட்டு அடாப்டிவுக்கு மாறுங்க, ஐடில்ல வோல்டேஜ் இறங்கும்.

குளச்சல்_கிளாக்:

ஃபின்னுக்குள்ள முட்டம் அண்ணன் சொன்ன அதே பிசுபிசுப்பு இருந்துச்சு, கீழ் ரெண்டு வரிசை ஓரம் வெள்ளையாவும் பூத்திருந்துச்சு. கழுவி, பேஸ்ட் மாத்தி, முன்னால இன்னொரு ஃபேனும் போட்டாச்சு. இப்போ பேனல் மூடியிருக்கப்ப 4.9, லோடுல 1.27, 142 வாட், பத்து நிமிஷமும் அசையல. உச்சம் 86. 1.25ல டபிள்யூஹெச்இஏ 19 வந்துச்சு, 1.26 கொஞ்சம் சந்தேகம், அதனால 1.27லயே விட்டுட்டேன். எக்ஸ்எம்பி ஆன்.

பிரைம்95 கட்டாயம் ஓட்டணுமா? பிறகு யுபிஎஸ் 600 விஏ. இப்போ கூடுதலா இழுக்குறதை அது தாங்குமா?

பழையாறு:

பிரைம்95ல ஸ்மால் எஃப்எஃப்டிங்கிற டெஸ்டை ஏவிஎக்ஸோட ஓட்டினா ஆர்23ஐவிட நல்லா அதிகமா இழுக்கும், உங்க 180 லிமிட்ல முட்டி ஸ்பீடு இறங்குறதைத்தான் பாப்பீங்க. டார்ச்சர் டெஸ்ட் விண்டோவுலயே ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 ரெண்டையும் ஆஃப் பண்ற கட்டம் உண்டு, அதை டிக் பண்ணி ஒரு மணி நேரம் ஓட்டுங்க. ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழன்னு எர்ரர் காட்டி ஒரு ஒர்க்கர் (ஒரு கோர்ல ஓடுற டெஸ்ட்) நின்னா 0.01 கூட்டுங்க. வீடியோ எடிட்டிங் செய்றீங்கன்னா நீங்க தினம் பயன்படுத்துற அந்த சாஃப்ட்வேர்லயே நீளமா ஒரு எக்ஸ்போர்ட் ஓட்டிப் பாக்குறது இதைவிட பெரிய சோதனை.

600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். பிராசஸருக்கு 142, போர்டு, ரேம், ஃபேன், டிஸ்க் எல்லாத்துக்கும் 50, எஸ்எம்பிஎஸ்ல போற நஷ்டம், மானிட்டருக்கு 25, இதுவே 240 தாண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு 120 வாட் இழுக்குறது இருந்தா, ரெண்டும் சேர்ந்து ஓடும்போது கரண்ட் போச்சுன்னா யுபிஎஸ் ஓவர்லோடுன்னு கத்தி அணைஞ்சிடும். கார்டு இல்லன்னா இதுவே போதும், சேவ் பண்ணிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். கார்டு இருந்தா 1000 விஏக்குப் போங்க, வாங்கும்போது அதோட வாட் 600ஆன்னு பின்பக்கம் பாத்து வாங்குங்க. ஒரே விஏல வாட் குறைவா வர்ற மாடலும் கடையில உண்டு.